ஹெல்மெட்டும் மலை வேண்டுதலும்

திருப்பதியில் ஒரு ஸ்போர்ட்ஸ் கடையில் சேல்ஸில் இருக்கிறேன். தலை நரைத்தும் கவுண்டரை விட்டு நகரவில்லை. இந்த வேலைக்குப் புதிதாக வரும் பெண்களுக்காக எழுதுகிறேன்.

1. முகமூடி வந்த கதை

நான் சேர்ந்தபோது ஹாக்கி கோல்கீப்பரின் முகத்துக்கென்று யாரும் எதுவும் கேட்டு வரமாட்டார்கள். காலுக்கு பேட் வாங்குவார்கள். மூக்கும் பல்லும் சாமி விட்ட வழி. பிறகு முகத்தை மட்டும் மூடும் பிளாஸ்டிக் மாஸ்க் வந்தது. வேர்வையில் வழுக்கும். அதற்கும் பிறகுதான் முன்னால் கம்பி கிரில் வைத்த ஹெல்மெட். வாங்குகிறவர்கள் கலரைத்தான் பார்ப்பார்கள். ஃபிட்டிங் பார்ப்பது நம் வேலை. தலையை ஆட்டச் சொல்லுங்கள். ஹெல்மெட் தனியாக ஆடினால் விற்காதீர்கள்.

2. பவானி

வரதய்யபாளையம் பக்கத்துப் பெண், ஹாக்கி கோல்கீப்பர். அவளுடைய அப்பா ஸ்ரீ சிட்டியில் கம்பெனி வேலை முடித்து, அந்த யூனிஃபார்மோடே அவளை ஹெல்மெட் வாங்க அழைத்து வந்தார். பவானிக்கு இடுப்பு வரை முடி.

"கொண்டை போட்டுக்கினு மாட்டட்டாக்கா?" என்றாள்.

"கிரவுண்டுல எப்படி இருப்பியோ அப்படியே மாட்டும்மா."

கொண்டையோடே மாட்டினாள். தலையை எப்படி உலுக்கியும் ஹெல்மெட் அசையவில்லை. எனக்கு நல்ல திருப்தி.

மாவட்ட டீமில் அவளுக்கு இடம் கிடைத்தது. கிடைத்தால் மகளுக்கு மொட்டை போடுவதாக அப்பா வேண்டியிருந்தார். பெண்பிள்ளை கத்திரியால் மூன்று வெட்டு நுனிமுடி கொடுத்தாலே போதும் என்பார்கள். அவர் முழு முடியும் தருவதாக வேண்டிக்கொண்டவர். சந்தோஷமாக மலையேறி, மொட்டையோடு இறங்கி, மறுநாளே மேட்சுக்குப் போனார்கள்.

ஹெல்மெட் தொளதொளவென்று இருந்தது. உள்ளே துண்டை மடித்து வைத்துக்கொண்டு நின்றாள். பெனால்டி கார்னரில் வந்த பந்து பக்கவாட்டில் பட்டது. ஹெல்மெட் சுழன்று, கிரில் கம்பி இடது கண்ணில் இடித்தது. அந்தக் கண்ணில் பார்வை திரும்பவே இல்லை.

கேள்விப்பட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். வாசலிலேயே அப்பா உட்கார்ந்திருந்தார்.

"சாமி முடியைக் கேக்கலியேம்மா. நான்தானே வேண்டிக்கினேன்."

பக்கத்தில் உட்கார்ந்து நானும் அழுதேன்.

வெகுநாள் கழித்து இருவரும் கடைக்கு வந்தார்கள். வேறு பிள்ளை யாருக்காவது கொடுங்கள் என்று ஹெல்மெட்டை கவுண்டரில் வைத்தார் அப்பா. பவானிக்கு முடி நன்றாக வளர்ந்திருந்தது. கொடுப்பதற்கு முன் ஒரு தடவை எடுத்து மாட்டிக்கொண்டாள். அன்றைக்குப் போலவே தலையை உலுக்கிப் பார்த்தாள்.

"இப்ப கரெக்டா இருக்குதுக்கா," என்றாள்.

அப்பா கடையை விட்டு வெளியே போய்விட்டார்.

இப்போது ஹெல்மெட் கேட்டு யார் வந்தாலும், டேப்பை எடுக்கும் முன் ஒன்று கேட்கிறேன்: "மலைக்கு வேண்டுதல் எதுனா இருக்குதா?" சிலர் சிரிக்கிறார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். இருக்கிறது என்றால், "மொட்டை போட்டுக்கினு வாங்க, அப்புறம் அளவெடுக்கலாம்" என்று அனுப்பிவிடுகிறேன். நீங்களும் கேளுங்கள்.