நாய்க்கும் எனக்கும் சுரைக்குடுக்கை

கப்பலுக்குக் காய்கறியும் முட்டையும் கொண்டுபோய் விற்கும் தொழிலில் விற்பது ஒன்றும் கஷ்டமில்லை. கப்பல் வரைக்கும் கவிழாமல் போய்ச் சேருவதுதான் கஷ்டம். யுத்தம் முடிந்த கையோடு தூத்துக்குடியில் நான் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். பெரிய கப்பல்கள் கரைக்கு வராது. வெகுதூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். வத்தை என்கிற சின்னப் படகில் நாங்கள்தான் தேடிப் போக வேண்டும். துடுப்புப் போடுகிறவர் தொம்மை, கடற்கரையிலேயே பிறந்தவர். நான் ஓட்டப்பிடாரத்துப் பக்கம் பனங்காட்டில் பிறந்தவன், நீச்சல் தெரியாது. நாங்கள் கப்பலில் ஏறி விலை பேசும்போது பக்கத்துப் படகுக்காரர்கள் எங்கள் கூடையில் கைவைக்காமல் இருக்க ஒரு நாயும் வந்தது. பெயர் செவலை. நாய் வளர்த்து அவதிப்படுகிறவர்களுக்கு மேற்கொண்டு நான் சொல்வது புரியும்.

மணலில் ஆடிய படகு

செவலைக்கு அலையைக் கண்டால் எட்டிப் பார்த்தாக வேண்டும். அது ஒரு பக்கம் ஓடும், படகு சாயும், நான் பயந்து எழுந்து நிற்பேன், படகு இன்னும் சாயும். வத்தையில் நாயானாலும் மனுஷனானாலும் நடுவில், அடிப்பலகையில் அடங்கி உட்கார்ந்தால்தான் பிழைப்பு. ஆகவே வத்தையை மணலில் வைத்தபடியே பாடம் நடத்தினோம். நடுவில் ஒரு சாக்கு. "இரு" என்றால் செவலை அதில் படுக்க வேண்டும். தொம்மை வெளியே நின்று படகை ஆட்டுவார். நான் கருவாட்டுத் துண்டோடு உள்ளே உட்கார்ந்திருப்பேன். செவலை சீக்கிரமே பழகிக்கொண்டது. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் எழுந்து நின்றது நான்தான்.

வேடிக்கை பார்த்த காயல்பட்டினத்து வெங்காய வியாபாரி தொம்மையிடம் கேட்டார்: "நாய் பழகிட்டு. இனி அண்ணாச்சிய எப்பப் பழக்கப் போறிய?"

கயிற்றுச் சண்டை

தொம்மை படகில் எதையும் கட்டாமல் விடமாட்டார். துடுப்பு, கூடை, தண்ணீர் இறைக்கும் டின், எல்லாவற்றுக்கும் ஒரு கயிறு உண்டு. செவலையையும் குறுக்குப் பலகையோடு கட்டினார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. படகு கவிழ்ந்தால் கூடை மூச்சுவிட வேண்டியதில்லை, நாய்க்கு வேண்டுமே. அவர் கட்டுவார், நான் அவிழ்ப்பேன். வாய்ச்சண்டை முற்றி, கடைசியில் ஒரு சமாதானத்துக்கு வந்தோம். கயிறு கிடையாது. நீச்சல் பழகும் பிள்ளைகள் கட்டிக்கொள்கிற சுரைக்குடுக்கையில் சின்னதாக இரண்டை செவலையின் விலாவில் இருபுறமும் வைத்து, பழைய வேட்டியால் சுற்றி, முதுகில் முடிச்சுப் போட்டேன். பெரியதாக இரண்டை என் இடுப்பில் கட்டிக்கொண்டேன்.

தொம்மைக்கு மனம் ஆறவில்லை. "கடல்ல கட்டாதது எதுவும் நம்ம சாமான் இல்ல அண்ணாச்சி" என்றார்.

வாடைக் காற்று

ஒரு மார்கழிக் காலை. வாடை ஊசியாய்க் குத்தியது. பாதி வழியில் மோட்டார் படகு ஒன்று குறுக்கே போய், அதன் அலை எங்களைப் பக்கவாட்டில் அடித்தது. இந்தத் தடவை நான் எழுந்திருக்கவே இல்லை. அப்படியும் வத்தை கவிழ்ந்தது. குடுக்கை என்னைத் தூக்கி நிறுத்த, படகைப் பிடித்துக்கொண்டு செவலையைத் தேடினேன். அது எங்களிடம் வரவில்லை. கண்ணுக்குத் தெரிந்ததில் பெரியது தூரத்துக் கப்பல். அதை நோக்கி நீந்திக்கொண்டிருந்தது. அதைத் தாண்டினால் இலங்கைதான். தொம்மை என்னையும் நாயையும் மாறிமாறிப் பார்த்தார். "நான் மிதந்துக்கிடுவேன், நீரு போம்" என்றேன். சொல்லிவிட்டேனே தவிர, உயிர் என் கையில் இல்லை.

முதுகு முடிச்சைப் பிடித்து நாயை இழுத்துவந்தார். வத்தையை நிமிர்த்தித் தண்ணீரை இறைத்தோம். பக்கவாட்டில் ஏற்றினால் மறுபடி கவிழும் என்பதால், நான் முன்முனையில் பாரமாகத் தொங்க, அவர் பின்முனை வழியாகச் செவலையைத் தூக்கிப் போட்டார். பிறகு நாங்களும் அப்படியே ஒருவர் பின் ஒருவராக ஏறினோம். கட்டியிருந்த கூடைகள் தப்பின. முட்டை ஒன்றுகூட மிஞ்சவில்லை. மூச்சு வாங்கிக்கொண்டே தொம்மை சொன்னது: "குடுக்கைய விட அந்த முடிச்சுதான் நல்லாருக்கு. நாய்க்கு ஒரு கைப்பிடி வேணும்லா."

நின்றுபோன நடுக்கம்

தண்ணீருக்குள் தெரியாத குளிர் காற்றில் தெரிந்தது. எதிர்காற்றில் கப்பலுக்குப் போக முடியாது, கரைக்குத் திரும்பினோம். செவலை வெடவெடவென்று நடுங்கியது. சற்று நேரத்தில் நடுக்கம் நின்றது. நான் நல்லதென்று நினைத்தேன். உடம்பு விறைத்துப் போனால்தான் நடுக்கம் நிற்கும் என்று தெரிந்த தொம்மையின் முகம் மாறிவிட்டது. துடுப்பை என் கையில் திணித்துவிட்டு, சாக்கைப் பிழிந்து நாயைத் துடைத்தார். அதை வயிற்றோடு அணைத்து, காற்றுக்கு முதுகைக் கொடுத்துச் சுருண்டுகொண்டார். நாயைச் சாமான் கணக்கில் வைத்திருந்த மனுஷன், "ஏலே, கண்ணத் தொறலே" என்று வழியெல்லாம் அதன் காதில் சொல்லிக்கொண்டே வந்தார். எனக்கு அழுகை வந்தது. கோணல்மாணலாகத் துடுப்புப் போட்டேன். காற்றுதான் கரை சேர்த்தது. காய்ந்த சாக்குகளில் பொதிந்து இருவரும் தேய்த்தோம். ரொம்ப நேரம் கழித்து செவலை மறுபடி நடுங்கத் தொடங்கியது. ஒரு நாய் நடுங்குவதைப் பார்த்து வேறெந்த இரண்டு பேரும் அவ்வளவு சந்தோஷப்பட்டிருக்க மாட்டார்கள். தலையைத் தூக்கிய பிறகுதான் வெதுவெதுப்பான கஞ்சி கொடுத்தோம்.

மறுநாள் எங்களிடம் சாமான் வாங்கும் கப்பல் பட்லரிடம் ஒன்று விடாமல் சொன்னேன். தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். குனிந்து, கீழே வத்தையில் படுத்திருந்த செவலையைப் பார்த்தார். பிறகு சொன்னார்: "நாய் பிழைச்சது ரொம்ப சந்தோஷம் அண்ணாச்சி. நேத்து வரவேண்டிய முட்டை எங்க?"

ஊரில் எனக்குக் கடல் வியாபாரி என்று பெயர். நான் பார்த்ததென்னவோ ஒரு நாயை நனையாமல் கொண்டுபோய் நனையாமல் திருப்பிக் கொண்டுவரும் உத்தியோகம்தான்.