உள்ளங்கையில் சர்வரின் கைரேகை

சர்வர் அறைக் கதவை இரண்டு தட்டுத் தட்டிவிட்டுக் காத்திருக்கிறார் கைரேகை அண்ணன். உள்ளே இருப்பவை வெறும் மிஷின்கள். சாவியும் அவரிடம்தான். கேட்டால், "உள்ள யாருமில்லன்னு நாமளா முடிவு பண்ணக்கூடாது தம்பி" என்பார்.

எங்கள் அலுவலகக் கணினிகளைக் கட்டிக் காப்பவர் அவர். எதையும் நம்பமாட்டார். மனைவி போனில் கூப்பிட்டால்கூட, "நேத்து நமக்குள்ள என்ன சண்டை, சொல்லு" என்பார். பதில் சரியாக இருந்தால்தான் மேற்கொண்டு பேச்சு. அந்த அம்மாளின் பொறுமைக்குக் கோயில் கட்டலாம்.

ஞாயிற்றுக்கிழமை சர்வரைப் புதுப்பித்தார். திங்களன்று யார் எழுதிய புரோகிராமும் அதில் ஏறவில்லை. புரோகிராமை ஏற்றும் 'சிங்க்' கட்டளையைக் கொடுத்தால், 'இது பழைய சர்வர் அல்ல, ஜாக்கிரதை' என்று திரைக்குத் திரை எச்சரிக்கை. சர்வரின் அடையாளமான நீண்ட எழுத்துக்கோவை மாறியிருந்தது. அதைத்தான் கைரேகை என்பார்கள்; அண்ணனின் பட்டப்பெயரும் அதனால்தான். புதியதை ஏற்று 'எஸ்' அடித்தால் வேலை முடிந்தது. அண்ணன் விடுவாரா?

"யாரும் எஸ் அடிக்காதீங்க! எவனாவது நம்ம சர்வர் மாதிரி வேஷம் போட்டுக்கிட்டு நிப்பான்!"

இடதுகைப் பழக்கம் என்பதால் கைரேகையை வலது உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டு மேசை மேசையாகக் கிளம்பினார். போனில் படம் எடுத்தால் ஆகாதா? "போட்டோவ மாத்திடலாம். கைய மாத்த முடியுமா?"

மாலை ஐந்துக்குள் வாடிக்கையாளருக்கு மென்பொருள் போகாவிட்டால் ஒப்பந்தம் போய்விடும். மேலாளர் நிமிடத்துக்கு ஒருமுறை கடிகாரத்தைப் பார்த்தார். அண்ணனோ ஒவ்வொரு மேசையிலும் கையை விரித்து எழுத்தெழுத்தாக வாசித்தார். கடைசியில் மேலாளரின் கணினி, அனுப்புவது அதிலிருந்துதான். நடுவில் ஓரெழுத்து ஒத்துப்போகவில்லை.

"வேர்வையில அழிஞ்சிருக்குண்ணே" என்றேன்.

"இருக்கலாம். மிஷினும் பொய் சொல்லலாம். என் கையவே நான் நம்பமாட்டேன்."

எழுந்து, சர்வரிலேயே சரிபார்க்க அந்த அறைக்கு நடந்தார். "அண்ணே, உங்க கால்ல விழறேன், சீக்கிரம்!" என்று மேலாளர் பின்னாலேயே ஓடினார். ஓடிய வேகத்தில் அவரே கதவை இரண்டு தட்டுத் தட்டிவிட்டு நின்றார். எனக்குச் சிரிப்பு வந்தது.

"மிஷின் யோக்கியன். என் கைதான் ஏமாத்திடுச்சு" என்றபடி வெளியே வந்த அண்ணன், அழிந்த எழுத்தைத் திருத்திக்கொண்டு உத்தரவு கொடுத்தார். மேலாளர் 'எஸ்' அடித்தார். மென்பொருள் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

மேலாளர் கண்கலங்கி, குலுக்குவதற்குக் கையை நீட்டினார். அண்ணன் பதறி வலது கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார்.

"ஐயோ சார், அழிஞ்சிடும்! இன்னும் என் மிஷின் பாக்கி!"

இடது முழங்கையை நீட்டினார். மேலாளர் அதைப் பிடித்துக் குலுக்கினார்.