முகத்திலிருந்து உள்ளே போன பாதை

கொண்டை ஊசி வளைவில் இடப்பக்கம் திரும்பும்போது தடுப்புச் சுவர் இரண்டாகத் தெரிந்தது. ஒன்று பாதையின் ஓரத்தில் இருந்தது. இன்னொன்று அதற்கும் அப்பால், பள்ளத்தின் மேல் நின்றது. எது சுவர் என்று எனக்குத் தெரியவில்லை.

நான் தனியார் பேருந்து ஓட்டுநர். கள்ளக்குறிச்சி–வெள்ளிமலை வண்டியைப் பல வருடங்களாக ஓட்டிவந்தேன். அன்று நிற்கவும் இடமில்லாத கூட்டம். பிரேக்கை மிதித்து வண்டியை நிறுத்தினேன். நடத்துனர் குமரேசன் நெரிசலை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தான்.

“இன்னாண்ணே, நிப்பாட்டிட்ட?”

“ரோடு ரெண்டா தெரியுதுடா. மொதல்ல சக்கரத்துக்குக் கல்லு போடு. அப்பறம் எல்லாரையும் மலைப்பக்கமா எறக்கு.”

அவன் என் முகத்தைப் பார்த்தான். “கண்ணு இன்னாண்ணே இப்படி வீங்கிக்கினு இருக்கு?”

கடைசி ஆள் இறங்கும்வரை பிரேக்கிலிருந்து காலை எடுக்கவில்லை. அதன் பிறகுதான் உடம்பு நடுங்கத் தொடங்கியது. காய்ச்சல் என்று அப்போதுதான் உறைத்தது. கீழே இறங்கிய ஜீப் ஒன்றில் என்னை ஏற்றிவிட்டார்கள்.

சில நாட்களாகவே தலைவலி இருந்தது. காலையில் இடது இமை லேசாக வீங்கியிருந்தது. பூச்சி கடித்திருக்கும் என்று நினைத்தேன்.

கள்ளக்குறிச்சி மருத்துவமனையில் ஒரு பெண் மருத்துவர் விரலை நகர்த்தி, கண்ணால் தொடரச் சொன்னார். இடது கண் நடுவில் வந்து நின்றுகொண்டது. வெளிப்பக்கம் போகவில்லை.

“மூக்கு ஓரத்துல காயம் மாதிரி இருக்கே?”

“பருங்க. சீழு வெச்சிருந்துச்சி, பிதுக்கிட்டேன்.”

அவர் ஸ்கேனுக்கு எழுதிவிட்டு, ஊசி மருந்தை உடனே ஏற்றச் சொன்னார்.

ஸ்கேன் வந்த பிறகு, என் மனைவி செல்வியை அருகில் அழைத்து, தன் முகத்திலேயே விரல் வைத்துக் காட்டினார். மூக்கின் ஓரத்திலிருந்து கண்ணின் உள்மூலை வரை ஒரு கோடு. முகத்துச் சிரைகள் (ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் குழாய்கள்) வழக்கமாகக் கழுத்து வழியே கீழே இறங்கும். ஆனால் அந்த இடத்துச் சிரைகளுக்குக் கண்ணின் வழியாக உள்ளேயும் தொடர்பு உண்டு. சில சமயம் ரத்தம் அந்தப் பக்கமும் ஓடும். என் பருவின் கிருமி அப்படித்தான் கேவர்னஸ் சைனஸுக்குப் (கண்களுக்குப் பின்னால், மூளையின் அடியில் இருக்கும் சிரை அறை) போய்ச் சேர்ந்து, அங்கே ரத்தம் உறைந்திருந்தது. கண்ணை வெளிப்பக்கம் திருப்பும் நரம்பு அந்த அறைக்குள்ளேதான் செல்கிறது.

“பொழச்சிப்பாராங்க?” என்று செல்வி கேட்டாள்.

“மருந்து கேக்குதான்னு பாக்கணும்மா. ரெண்டு பக்கமும் அறை இருக்கு, ஒண்ணுக்கொண்ணு வழியும் இருக்கு. வலது கண்ண பாத்துக்கிட்டே இருங்க. செவந்தாலோ வீங்கினாலோ உடனே கூப்பிடுங்க.”

அதிலிருந்து அவள் என் வலது கண்ணைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். ஜன்னல் பக்கம் திரும்பச் சொல்லுவாள். இமையை விரலால் தொடுவாள். மறுநாள் காலை பார்த்துக்கொண்டே இருந்தவளின் கை அப்படியே நின்றது.

“இன்னா?”

“ஒண்ணுமில்ல. படுங்க,” என்றாள். பிறகு நர்ஸ் இருக்கும் இடத்துக்கு ஓடும் சத்தம் கேட்டது.

ஆம்புலன்ஸில் புதுச்சேரிக்கு அனுப்பினார்கள். இரண்டு கண்களும் மூடிவிட்டன. தியாகதுருகம், உளுந்தூர்பேட்டை என்று ஊர்களை வேகத்தடைக் குலுக்கலிலும் லாரிகளின் ஹாரனிலும் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். அந்தக் கணக்கு தவறினால் நானும் தவறிவிடுவேன் என்று தோன்றியது. உளுந்தூர்பேட்டைக்குப் பிறகு எதுவும் நினைவில்லை.

புதுச்சேரியில் மருந்துகளை மாற்றினார்கள். ஹெபாரின் (ரத்தம் மேலும் உறையாமல் தடுக்கும் ஊசி) போட்டார்கள். தலையிலிருந்து ரத்தம் எளிதாகக் கழுத்து வழியே வடிய வேண்டும் என்று, கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்தியே வைத்திருந்தார்கள். முதலில் காய்ச்சல் விட்டது. அடுத்து வலது கண் திறந்தது. அதில் முதலில் தெரிந்தது செல்வியின் முகம். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. இமையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இடது கண் திறக்க நாளாயிற்று. வெளிப்பக்கம் நகர மாதங்கள் ஆகும், முழுதாக வருமா என்று சொல்ல முடியாது என்றார்கள். குமரேசன் பார்க்க வந்தான். வண்டியைப் பற்றிக் கேட்டேன்.

“ஓடிக்கினுதாண்ணே இருக்கு. வேற ஆளு போட்டுக்கிறாங்க,” என்றான், தரையைப் பார்த்துக்கொண்டே. நான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தேன்.

இதைப் படிப்பவருக்கு ஒன்று சொல்வேன். இது அரிதாக வருவது. எல்லாப் பருவும் இப்படி ஆவதில்லை. ஆனால் மூக்கோரத்தில் சீழ் இருந்து, காய்ச்சலோடு இமை வீங்கினால் வீட்டில் உட்கார்ந்திருக்காதீர்கள். பார்வை இரண்டாகும்வரை நான் காத்திருந்தேன். நீங்கள் காத்திருக்காதீர்கள்.

இப்போது நேராகப் பார்த்தால் எல்லாம் ஒன்றுதான். இடது ஓரம் மட்டும் இன்னும் பிரிகிறது. மலைப்பாதையில் ஓட்ட இன்னும் அனுமதி தரவில்லை.

முன்பெல்லாம் என் தலை எனக்கு ஒரே கட்டியான பொருள். இப்போது குனிந்து செருப்பு மாட்டும்போது ரத்தம் முகத்தில் வந்து கூடுவது தெரிகிறது. நிமிர்ந்தால் அது கழுத்துக்குள் மெதுவாக இறங்குகிறது. எப்போதும் அப்படித்தான் இறங்கியிருக்கும், நான் கவனித்ததில்லை. வாசலில் அசையாமல் நிற்கிறேன். தெருவில் இறங்கிவிட்ட செல்வி திரும்பிப் பார்க்கிறாள்.

“இன்னா நின்னுட்டீங்க?”

“இரு. எறங்கிக்கினு இருக்கு. வரேன்.”