பாக்கியத்தை வெளியே அனுப்பிய ஈரம்

தீக்குச்சி பற்றவில்லை என்று, எங்கள் தீப்பெட்டி ஆலையில் குச்சியை மருந்தில் முக்கும் பாக்கியத்தை இன்று காலை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். அவள் மேல் ஒரு தப்பும் இல்லை.

அடைமழைக் காலம். குச்சி காயும் அறையில் ஈரத்தை இழுக்க நான்தான் தட்டுகளில் சுட்ட சுண்ணாம்புக்கல் வைக்கிறேன். கதவைச் சாத்தியும் குச்சி நமத்துப்போகிறது. கல் ஒரே நாளில் மாவாகிவிடுகிறது.

அவள் அழுதுகொண்டே போனதும் அந்த அறைக்குப் போனேன். மேஸ்திரி குடத்தோடு நின்று தரையை நனைத்துக்கொண்டிருந்தார்.

“இங்கன எதுக்கு தண்ணி ஊத்துறீக?”

“தீப்பிடிச்சா நீங்களா வந்து அணைப்பீக அண்ணாச்சி? வருசம் பூரா ஊத்துறதுதான!”

“கோடைக்குச் சரி. இப்ப என் சுண்ணாம்பு அந்தத் தண்ணியத்தான குடிக்குது. அந்தப் புள்ளைய ஏன் விரட்டுனீக?”

“அவ முக்குன மருந்து சரியில்ல. அம்புட்டுத்தான்.”

நான் முடிவு செய்துவிட்டேன்: இனி மழை விடும்வரை தண்ணீர் வாசலுக்கு வெளியே தொட்டியில் இருக்க வேண்டும். அது மேஸ்திரியின் பொறுப்பு. மாவான சுண்ணாம்பை மாற்றுவது என் பொறுப்பு. பாக்கியம் மருந்தில் முக்கியெடுத்த அதே குச்சிகளைக் காயட்டும் என்று புதுச் சுண்ணாம்போடு டப்பாவில் மூடி வைத்திருக்கிறேன். நாளை முதலாளி தன் கையாலேயே அவற்றை உரசிப் பார்க்க வேண்டும். பற்றினால், மேஸ்திரி அவள் வீட்டுக்கே போய்க் கூப்பிட வேண்டும். மழை என்று சாக்குச் சொன்னால், குடை நான் தருகிறேன்.