கட்டி யாருக்கு?

வீடு மாற்றிக் கொடுக்கும் வேலையில் அவரை எல்லோரும் பீரோ என்றுதான் கூப்பிடுவார்கள். மற்றவர்கள் பெல்ட் கட்டி, இரண்டு பேராகச் சேர்ந்து இறக்கும் ஃபிரிட்ஜை அவர் ஒருவரே நெஞ்சோடு அணைத்தபடி மூன்று மாடி இறங்கிவிடுவார். "பொண்டாட்டியக்கூட இப்படிக் கட்டிப் பிடிச்சிருக்க மாட்டாருப்பா" என்று லாரி டிரைவர் சொன்னால் கீழே நிற்கிற மொத்தக் கூட்டமும் சிரிக்கும். பீரோவுக்கும் உள்ளூரப் பெருமைதான்.

ஒருநாள் சோப்புப் போடும்போது அந்த நெஞ்சில், இடப்பக்கக் காம்புக்குக் கீழே, கடலை அளவில் ஏதோ தட்டுப்பட்டது. நல்ல கெட்டி. அழுத்திப் பார்த்தார், வலியில்லை. ஃபிரிட்ஜ் மூலை இடித்து ரத்தம் கட்டியிருக்கும் என்று தானே தீர்ப்புச் சொல்லிவிட்டார். மூட்டை தூக்குகிறவனுக்குத் தோள் காய்த்துப் போகும், தனக்கு நெஞ்சு காய்த்திருக்கிறது, அவ்வளவுதானே. வலிக்காத ஒன்றுக்காக எவனாவது வேலையை விட்டுவிட்டு டாக்டரிடம் போவானா?

கடலை கோலிக்குண்டு ஆனது. காம்பு உள்ளே இழுத்துக்கொண்டது. அதற்குப் பிறகு எவ்வளவு வியர்த்தாலும் மனிதர் வேலையிடத்தில் சட்டையைக் கழற்றவில்லை. சந்தேகம் வராமல் இல்லை. சந்தேகம் வந்ததால்தான் மறைத்தார். மார்பில் கட்டி என்பது பெண்களுக்கு வருவது. அது பீரோவுக்கு வந்ததென்று தெரிந்தால் லாரிக் கூட்டம் ஆயுசு முழுக்க வைத்து ஓட்டும். உயிர் போனாலும் பரவாயில்லை, மானம் போகக் கூடாது என்கிற அளவுக்கு வெட்கம் முற்றியிருந்தது.

பனியன் காட்டிக்கொடுத்தது.

"இது என்ன கறை? ரத்தம் மாதிரி இருக்கு" என்றாள் துவைக்க எடுத்த மனைவி.

"கிரீஸு."

"கிரீஸ் கறை எனக்குத் தெரியாதா? சட்டையக் கழட்டுங்க."

கழற்றினார். அவள் தொட்டுப் பார்த்தாள். "நாளைக்கு ஆஸ்பத்திரி" என்றாள்.

"பொம்பளைங்களுக்கு நடுவுல நான் போய் உக்காரணுமா?"

"நான் கூட வர்றேன்ல."

மார்பகப் பிரிவில் நாற்காலி நிறையப் பெண்கள். நர்ஸ் வந்து, மனைவியைப் பார்த்தே, "பேஷண்ட் யாரு?" என்றாள். பதில் சொல்ல வேண்டியவர் பீரோ. அவர் தரையைப் பார்த்தார். கொஞ்சம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "நான்தான்மா" என்று மனைவி எழுந்து உள்ளே போனாள். அவளுடைய கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு அவர் உட்கார்ந்திருந்தார். சற்று நேரத்தில், "வீட்டுக்காரரையும் உள்ள வரச் சொல்றாங்க" என்று குரல் வந்தது.

டாக்டரம்மா சுற்றி வளைக்கவில்லை. "இடிச்சதால வந்ததுன்னு நீங்களே முடிவு பண்ணிட்டீங்களா? வலிக்கலன்னா ஒண்ணுமில்லன்னு அர்த்தமில்ல. இது ஆம்பளைங்களுக்குக் குறைவாத்தான் வரும், ஆனா வரும். கட்டி தட்டுப்பட்ட உடனே வந்திருக்கணும். காம்பு உள்ள போனப்பவாவது வந்திருக்கக் கூடாதா?"

ஊசி வைத்துச் சதை எடுத்தார்கள். புற்றுநோய்தான் என்று முடிவு வந்தது. அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தார்கள். குணமாக வாய்ப்பிருக்கிறது, முன்பே வந்திருந்தால் இன்னும் சுலபமாக இருந்திருக்கும் என்றார் டாக்டரம்மா.

மனைவி 'நான்தான்' என்று எழுந்துபோன அன்று அந்த நாற்காலிகளில் மாடிவீட்டுக்காரியும் உட்கார்ந்திருந்ததை இருவருமே கவனிக்கவில்லை. பீரோ மனைவிக்கு மார்பில் கட்டியாம் என்று குடியிருப்பு முழுக்கப் பேச்சு. பெண்கள் வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டு கண் கலங்கினார்கள். வேலைக்குப் போகாமல் வீட்டிலிருந்த பீரோவை, பெண்டாட்டியைப் பார்த்துக்கொள்கிற உத்தமர் என்று லாரிக் கூட்டம் மெச்சியது. "என் பேர்லயே இருந்துட்டுப் போகட்டும், விடுங்க" என்றாள் அவள். பீரோவுக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை நினைத்தால் தன்மேலேயே அருவருப்பாகவும் இருந்தது. இருந்தும் வாயைத் திறக்கவில்லை.

அவள் குழந்தைகள் காப்பகத்தில் வேலை பார்த்தாள். கைக்குழந்தைகள் அவள் இடுப்பை விட்டு இறங்காது. ஒருநாள் காலையில் போனவள் போன சுருக்கில் திரும்பி வந்தாள். காப்பகத்தை நடத்துகிற பெரியம்மா நல்ல மனசோடுதான் சொல்லியிருக்கிறார்: "புள்ளைங்களத் தூக்கிக் கஷ்டப்படாதம்மா. உடம்பு தேறுனப்புறம் பாக்கலாம்." அவள் இடத்துக்கு வேறொருத்தி வந்துவிட்டாள்.

"நல்லதுதான். எனக்கும் கொஞ்சம் ஓய்வு" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பி வெங்காயம் நறுக்கினாள். தோள் குலுங்கியது. அழுவதற்கு வெங்காயம் தேவையிருக்கவில்லை.

பீரோ செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார். காப்பகத்து வாசலில் அம்மாக்கள் இன்னும் பிள்ளைகளை விட்டுக்கொண்டிருந்தார்கள்.

"வாங்க தம்பி, அவள நல்லா ஓய்வெடுக்கச் சொல்லுங்க" என்றார் பெரியம்மா.

"அவளுக்கு ஒண்ணுமில்லம்மா. கட்டி எனக்கு." கை சட்டைமேல் போய் நின்றது. "இங்க."

அத்தனை கண்களும் அவர் நெஞ்சுக்கு வந்தன. காது மடல் எரிந்தது. ஓடிவிடலாம் போலிருந்தது. கையை மட்டும் எடுக்கவில்லை. "அவ வேலைய அவளுக்கே குடுத்துடுங்கம்மா" என்றார்.

பெரியம்மாவுக்குப் புரியவே இல்லை. "அப்போ, இத்தன பேர் வந்து கேட்டும் அவ ஏன் ஒரு வார்த்த சொல்லல?"

"நான் சொல்லுவேன்னு காத்துட்டிருந்தாம்மா" என்றார் பீரோ.