பன்னீர் தெளித்தவர்

நோய் வந்துவிட்டது, ஊரை மட்டும் இன்னும் மூடவில்லை என்றிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. என்னோடு படித்த பெண்ணுக்கு மலேசியாவின் திகாம் பத்து ஊரில் கல்யாணம். வந்தவர்கள் கைகொடுக்கக்கூடப் பயந்தார்கள்.

மண்டப வாசலில் பன்னீர்ச் செம்போடு நின்றவர் பெண்ணின் தாய்மாமன். மடிப்புக் கலையாத புதுச் சட்டை, காதோரம் வழிந்த தலைச்சாயம். ஒவ்வொருவர் மீதும் செம்பை உதறிவிட்டு, “சாப்பிடாம போவக்கூடாது” என்பார்.

அன்று அவராகவே ஒரு காரியம் செய்திருந்தார். வருகிறவர்களுக்கு ஒன்றும் ஆகக்கூடாது என்று, கைக்குத் தடவும் சானிடைசரைப் பன்னீரில் கலந்துவிட்டார். அது நேராக மாப்பிள்ளையின் அம்மா கண்ணில் போய் விழுந்தது.

“ஐயோ, எரியுதே!”

“என்னாண்ணே, சம்பந்தியம்மாவையே கழுவிட்டீங்களா?” என்று யாரோ கேட்க, எல்லாரும் சிரித்தோம். செம்பை வைத்துவிட்டு அவர் வெளியே போய்விட்டார்.

தாலி கட்டும் நேரத்தில் தேடிப் போனேன். கார்களுக்கு நடுவில் நின்றிருந்தார்.

“மாமா, பொண்ணு உங்களத்தான் தேடுது. வாங்க லா.”

“எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுப்பா வர்றது? அந்தம்மா கண்ணு செவந்து கெடக்கு. நாளைக்கு நம்ம புள்ளயத்தான சொல்லிக் காட்டுவாங்க?”

உள்ளே கெட்டிமேளம் கொட்டியது. என் கையிலிருந்த அட்சதையை நீட்டினேன். விரல் படாமல் கொஞ்சம் எடுத்து, மண்டபத்தைப் பார்த்து வீசினார். அரிசி அடுத்த காரின் கூரையில் சடசடவென்று விழுந்தது.

அவர் முகத்தைப் பார்க்க எனக்குத்தான் கூசியது.