வாந்தி மாமா போட்ட மூன்றாவது கருவி

என் தாய்மாமாவுக்கு வேலையே புயலுக்குப் பக்கத்தில் போய் வாந்தி எடுப்பதுதான். பதினேழு வருடமாக அரசாங்க வானிலை விமானத்தில் போகிறார். ஒரு தடவைகூடச் சும்மா இறங்கியதில்லை. வாயைத் துடைத்த கையோடு, விமானத்தின் அடியில் இருக்கும் குழாய் வழியாகக் கருவிகளைக் கீழே போடுவார். ஒவ்வொன்றும் முழங்கை நீளம், முதுகில் குட்டிப் பாராசூட். காற்று எந்தப் பக்கமிருந்து, எவ்வளவு வேகம் என்று கடலில் விழுகிறவரை சொல்லிக்கொண்டே போகும். விழுந்ததும் செத்துப்போகும். அது சொன்னதை வைத்துத்தான் புயல் எங்கே போகும் என்று கணிப்பார்கள்.

அவர் கொண்டுபோகும் வாந்திக் கவர்களில் நான் ஏதாவது எழுதிவைப்பேன். 'பார்சல்: மதியச் சாப்பாடு.' 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது.'

எதிர்வீட்டு மருந்துக்கடைக்காரருக்கு மாமாவைப் பார்த்தாலே வாய் அரிக்கும்.

"என்ன சார், எங்க வரிப்பணத்துல இன்னைக்கும் வானத்துல வாந்தியா?"

"ஆமா சார். உங்க பங்கைத் தனியா எடுத்து வெச்சிருக்கேன், குடுத்து அனுப்பவா?"

அதே மனுஷர்தான் தினமும் போனில் மழை வருமா என்று பார்த்துவிட்டுத் துணி காயப்போடுவார். அந்தத் தகவல் எங்கிருந்து வருகிறது என்று நினைத்தாரோ.

இந்த வருடம் செலவைக் குறைக்கிறோம் என்று பயணத்துக்கு இருபதாக இருந்த கருவியைப் பன்னிரண்டாக்கினார்கள். இதே வருடம்தான் என் தங்கச்சி ஏழு வாரம் முன்னாலேயே பிறந்து தொலைத்தாள். கடலோர ஆஸ்பத்திரியில், கண்ணாடிப் பெட்டிக்குள், ஒரு பாக்கெட் சர்க்கரையைவிடக் கொஞ்சம் கூடுதல் கனத்தில் கிடந்தாள். மூன்றாம் நாள் புயல் செய்தி வந்தது.

டாக்டர் அம்மாவிடம் மறைக்கவில்லை. "உள்பக்கம் பெரிய ஆஸ்பத்திரிக்கு நாலு மணி நேரம் ஆம்புலன்ஸ்ல போனா குழந்தை தாங்குமான்னு சொல்ல முடியாதும்மா. புயல் இங்க வந்து கரண்ட் போனா, இங்கயும் தாங்காது. விமானம் என்ன சொல்லுதுன்னு பாத்துட்டு முடிவு பண்ணலாம்."

"அதுல என் தம்பிதான் இருக்கான்," என்றாள் அம்மா.

மேலே நடந்ததை விமானி பிறகு வந்து சொன்னார். இந்த மாதிரி விஷயத்துக்கு மாமா வாயைத் திறக்கிற ஆள் இல்லை.

புயலுக்கு வடக்கே ஒன்பதாவது கருவியைப் போட்டார்கள். காற்று மேற்கிலிருந்து என்று சொன்னது. அப்படியானால் அது புயலை நடுக்கடலுக்குத் தள்ளிவிடும். குழந்தை விஷயம் விமானத்தில் எல்லோருக்கும் தெரியும்.

"தப்பிச்சோம்யா," என்றார் விமானி. "செய்தியை அனுப்பிடு."

மாமா அனுப்பவில்லை. "திரும்புங்க சார். அதே இடத்துல இன்னொன்னு போடணும்."

"மூணுதான் பாக்கி இருக்கு. இதுல என்ன தப்பு?"

"தப்பு ஒன்னும் தெரியல. இந்தப் பதில் எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு. அதான் பயமா இருக்கு."

திரும்பினார்கள். பத்தாவது, கிழக்கு என்றது. இரண்டில் எது பொய் என்று தெரியாமல் பதினொன்றையும் போட்டார். அதுவும் கிழக்கு. கிழக்குக் காற்று புயலை நேராக எங்களிடம்தான் தள்ளும். அந்தச் செய்தியை மாமாவே தன் கையால் அனுப்பினார்.

மதியம் இரண்டரை மணிக்கு, ரோடு இன்னும் காய்ந்திருக்கும்போதே, பெட்டியோடு தங்கச்சியை ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள். அம்மா அந்தப் பெட்டியின் மேல் கையை வைத்தவள் பெரிய ஆஸ்பத்திரி போகும்வரை எடுக்கவில்லையாம். வழியில் ஒரு தடவை மூச்சு நின்று திரும்ப வந்ததாம். ராத்திரி புயல் வந்தது. ஆஸ்பத்திரிக் கீழ்த்தளத்தில் ஜன்னல்வரை தண்ணீர். ஜெனரேட்டர் இருந்தது அங்கேதான். மேலே அந்த வார்டில் அப்போது யாரும் இல்லை.

ஒரே இடத்தில் ஏன் மூன்று கருவி என்று ஆபீஸில் விளக்கம் கேட்டார்கள். மாமா நாலு காகிதத்தைக் கிழித்துப்போட்டார். கடைசியில் அன்றைக்குக் கொண்டுபோன கவரை எடுத்தார். காலிக் கவர். பதினேழு வருடத்தில் முதல் தடவையாக வாந்தி எடுக்க மறந்திருக்கிறார். நான் எழுதிய 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்பதற்குக் கீழே பென்சிலில் இருந்தது: 9 மேற்கு, 10 கிழக்கு, 11 கிழக்கு. கடிதத்துக்குப் பதிலாக அதையே பின் அடித்து அனுப்பிவிட்டார்.

பதில் வரவில்லை. அடுத்த பயணத்துக்கும் பன்னிரண்டுதான் வந்தது. மாமா எண்ணிப் பார்த்துவிட்டுப் பெட்டியை மூடினார். தங்கச்சி அவர் தோளில் கிடந்து சட்டைக் காலரைச் சப்பிக்கொண்டிருந்தாள்.

இந்தத் தடவை கவரில் நான் எழுதியது இதுதான்: 'மூணு மிச்சம் வையுங்க மாமா.'